நாக்கில் பார்த்த பதம்

எங்கள் சங்கத்துக்கு வாராவாரம் ஒரு டாக்டர் வரப்போகிறார் என்று அறிவித்தபோது சத்தமாகச் சிரித்தவன் நான்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சாயப்பட்டறை இருந்தது. அதை ஒட்டிய நீளக் கொட்டகையில், வீட்டில் தறி போட இடமில்லாதவர்களுக்காகக் தரையில் குழி வெட்டிக் குழித்தறிகள் போட்டிருந்தார்கள். சாயப்பட்டறைக்கு நான் பொறுப்பு. பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒடம்புக்கு வந்தா நாம டாக்டராண்ட போறோம். டாக்டரு எதுக்குப்பா நம்மளத் தேடிக்கினு வரணும்? நமக்குக் காலு இல்லியா?" என்று கேட்டேன். கூட்டம் கைதட்டியது. நாலு பேர் கைதட்டினால் எனக்குத் தலைகால் புரியாது.

கைதட்டலோடு உட்கார்ந்தேனே தவிர, எனக்கு வேறு ஒரு கவலை இருந்தது. டாக்டர் வந்தால் எல்லோரையும் பார்ப்பார். எல்லோரையும் என்றால் என்னையும். என் வாய்க்குள் இருந்த சங்கதி அப்போது எங்கள் ஆட்களில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி என் மனைவி. இன்னொருவன் அவள் தம்பி, பட்டறையில் என்னோடு வேலை செய்த என் மச்சான்.

என் நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண். நாலு நாள் எரிந்துவிட்டுத் தானாக ஆறுகிற வாய்ப்புண் இல்லை அது. பொங்கலுக்கு முன்னால் வந்தது, பங்குனி உத்திரம் முடிந்தும் அப்படியே இருந்தது. விளிம்பு தடித்து, நடுவில் வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது. கண்ணாடியைச் சன்னலோரம் எடுத்துப்போய் நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்கப் பெரிதாகத்தான் தெரிந்தது.

அந்த நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சாதாரண நாக்கில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாலும் பொய்யில்லை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும்போது தொட்டித் தண்ணீரில் புளிப்பு வேண்டும். புளிப்பு குறைந்தால் சாயம் நூலில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். கூடிப்போனால் சாயம் அவசரமாக ஏறி, நூல் திட்டுத்திட்டாகப் போய்விடும். புளிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் பட்டறையில் இருந்த ஒரே வழி, தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைப்பது. 'நாக்கு வைக்கிறது' என்றே அதற்குப் பெயர். சிவப்புக்குக் கொம்பரக்கும் புளிப்புக்குப் புளியும் போட்டுச் சாயம் காய்ச்சிய காலத்தில் வந்த வழக்கம் அது. ரசம் ருசி பார்க்கிற மாதிரிதான், உடம்பை ஒன்றும் செய்யாது. பிறகு டப்பாவில் சாயப்பொடி வந்தது. புளிக்குப் பதில் கண்ணாடி ஜாடியில் ஆசிட் வந்தது. தொட்டிக்குள் எல்லாம் மாறின பிறகும் நாங்கள் நாக்கு வைப்பதை மட்டும் விடவில்லை. விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, ஏனென்றால் கலர் நன்றாக வந்துகொண்டிருந்தது.

என்னுடைய அரக்குச் சிவப்புக்கு ஊரில் தனி மதிப்பு. "யாரு நாக்கு வச்சது?" என்று கேட்டுவிட்டு நூலை எடுக்கிற வியாபாரிகள் இருந்தார்கள். ஒரு தொட்டிச் சாயம் முடிவதற்குள் நாலைந்து தடவை நாக்கு வைப்பேன். வைத்ததும் துப்பிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பேன். வேலை மும்முரத்தில் கொப்பளிக்க மறந்தும் போவேன்.

புண் ஆறவில்லை என்றதும் மனைவி பிடித்த பிடியில் டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். வாசல் வரை கூட்டம். என் முறை வந்ததும் அவர் டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார்.

"வெத்தலை போடுவியா?"

"இல்லீங்க."

"பொகையிலை?"

"தொட்டதே இல்லீங்க."

"நாக்கு இப்பிடிச் செவந்து கெடக்குது, வெத்தலை போடறதில்லேன்னு சொல்றியே!"

"சத்தியமா இல்லீங்க."

அவர் நம்பவில்லை. அது வெற்றிலைச் சிவப்பில்லை, அரக்குச் சாயம். ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சாயக்காரனுக்கு உள்ளங்கையும் நகக்கண்ணும் நாக்கும் சிவந்திருப்பது எங்களுக்குள் ஒரு விஷயமே கிடையாது. அவரும் நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். "மெட்ராசுக்குப் போயி ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாத்துடு. தள்ளிப் போடாதே" என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். அங்கே சொல்லுவார்கள் என்றார்.

எதற்கென்று எனக்கே தெரியும். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கன்னத்தில் இப்படித்தான் வந்தது. மெட்ராசுக்குப் போனார், துண்டு வெட்டினார்கள், திரும்பி வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். வியாதியின் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. 'அது' என்போம், அவ்வளவுதான்.

கல்யாண சீசன் முடியட்டும், போகிறேன் என்றேன். சீசன் ஒரு சாக்கு. துண்டு வெட்டினால்தான் 'அது' வரும், வெட்டாமல் விட்டால் வராது என்று ஒரு கிறுக்கு எண்ணம் எனக்குள் உட்கார்ந்திருந்தது. சங்கத்துக்குத் தெரிந்தால் பட்டறையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதனால் வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். சிரிக்கும்போதுகூட உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தேன்.

வீட்டில் மனைவி உப்பு, புளி, காரம் மூன்றையும் நிறுத்திவிட்டாள். குழைந்த சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்துத் தருவாள். எப்போதாவது பருப்பை வேகவைத்து, அதில் எதையும் போடாமல் குழம்பு என்று பெயர் வைத்து ஊற்றுவாள். தொட்டி ஆசிட் குத்துவதைத் தவிர எனக்கு எப்படியும் ஒரு ருசியும் தெரியவில்லை, நாக்கு மரத்துப் போயிருந்தது. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். "உனக்கு இன்னாத்துக்குமே இது, நீ நல்லாச் சாப்புடு" என்றால், "எனக்கும் காரம் ஒத்துக்கல" என்பாள். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழையது சாப்பிடுகிறவள் அவள். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, குங்குமத்தை என் நெற்றியில் வைப்பதற்குப் பதில் தாடையில் வைத்துவிடுவாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் டாக்டர் வந்தார். வந்தவர் ஒரு டாக்டரம்மா. மெட்ராசிலிருந்து காலை பஸ்சில் வந்து இறங்கினார். சங்க ஆபீசில் அவருக்காக ஓர் அறையை ஒழித்து, வெள்ளையடித்து, மேஜை நாற்காலி போட்டு, வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மா பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "முதல்ல நீங்க வேலை செய்யற எடத்தைக் காட்டுங்க" என்றார். சங்கச் செயலாளர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் வெள்ளையடித்தது அறைக்கு மட்டும்தான், கொட்டகைக்கு இல்லை.

கொட்டகையில் அந்த அம்மா செய்த காரியம் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தறிக்குழியில் இறங்கிவிட்டார். நெசவுக்காரர் உட்காருகிற பலகையில் உட்கார்ந்து, காலை மிதியில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "கால் எப்பவும் இப்படி ஜில்லுனுதான் இருக்குமா?" என்று அந்தத் தறிக்காரரைக் கேட்டார். அவர் முழங்கால் வலிக்கு வருஷக்கணக்காகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர். குழி ஈரம் என்று அவருக்கும் தெரியும், முழங்கால் வலி என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

"டாக்டரு வைத்தியம் பாக்க வந்துச்சா, நெசவு கத்துக்க வந்துச்சா?" என்று நான் பட்டறையில் உட்கார்ந்து கிண்டல் அடித்தேன். அடித்துவிட்டு, அந்த அம்மா பட்டறைப் பக்கம் திரும்புவதற்குள் பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன். அவர் வருகிற நாளெல்லாம் எனக்கு டவுனில் அவசர வேலை முளைத்துவிடும். "மாமா எங்க?" என்று கேட்கிறவர்களுக்கு மச்சான் விதவிதமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். "மாமா, நீ டாக்டருக்குப் பயந்துக்கினு ஓடறியா, வியாதிக்குப் பயந்துக்கினு ஓடறியா?" என்று கேட்டான். போடா என்றேன்.

ஒரு நாள் ஓட முடியாமல் போனது. முகூர்த்தப் புடவைகளுக்கான அரக்கு. தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது, விட்டுவிட்டுப் போனால் அத்தனை நூலும் பாழ். டாக்டரம்மா வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அன்றைக்கென்று அவர் பஸ்சைவிட்டு இறங்கி நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். ஆவியில் எனக்கு வாசல் தெரியவில்லை. அவர் நிற்பது தெரியாமல் விரலைத் தொட்டியில் விட்டேன், நாக்கில் வைத்தேன், துப்பினேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துடா" என்று மச்சானிடம் சொன்னேன். அவன் ஊற்றாமல் என் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என்ன பண்ணீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பதம் பாத்தேன்மா."

"எதுக்குப் பதம்?"

"புளிப்பு சரியா இருக்குதான்னு."

"புளிப்புக்கு என்ன போடறீங்க?"

மச்சான் அந்தக் கண்ணாடி ஜாடியைக் காட்டினான். டாக்டரம்மா குனிந்து அதன்மேல் ஒட்டியிருந்ததைப் படித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. "வாயைத் திறங்க" என்றார்.

நான் திறக்கவில்லை. பட்டறை ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கிறேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது மச்சான், இத்தனை நாள் எனக்காகப் பொய் சொன்னவன், "மாமா, தொறந்து காட்டு. அக்கா அங்க அழுவுது" என்று போட்டு உடைத்துவிட்டான். அவள் அழுகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று வாயைத் திறந்தேன். நாக்கைத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் பார்த்தது பல்லை. முன்பற்களின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "இது எப்பலேர்ந்து இப்படித் தேஞ்சு இருக்கு? குளிர்ந்த தண்ணி பட்டா கூசுமா?" என்றார். கூசும், முப்பத்தைந்து வயசாகிறதல்லவா என்றேன். "முப்பத்தஞ்சு வயசுக்கு யாருக்கும் பல் இப்படித் தேயாது. இது ஆசிட் தின்ன பல்" என்றார். பிறகுதான் புண்ணைப் பார்த்தார். ஓரத்தை அழுத்தினார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் மனதுக்குள் சாமி பெயர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏற்கெனவே யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

டவுனில் காட்டியதையும் மெட்ராசுக்குப் போகச் சொன்னதையும் சொன்னேன்.

"இந்த நாக்கு வைக்கிற விஷயத்தை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவுரு கேக்கலியேம்மா."

டாக்டரம்மா கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இது பெரிய வியாதி இல்லைன்னு இன்னிக்கே நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா தெனம் ஆசிட் வைக்கிற எடத்துல எந்தப் புண்ணும் ஆறாது. இன்னியோட நாக்கு வைக்கிறதை நிறுத்துங்க. ரெண்டு வாரம். ஆற ஆரம்பிச்சா நல்லது. இல்லேன்னா நானே உங்களை மெட்ராஸ் கூட்டிட்டுப் போறேன். தனியா அனுப்பமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை அசைத்துவிட்டது. அதை மறைக்க, "நாக்கு வெக்காம சாயம் எப்பிடிம்மா போடறது?" என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளே பஸ் கண்டக்டர் கையில் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே மெல்லிய மஞ்சள் காகிதத் துண்டுகள். புளிப்புத் தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும், எந்த அளவுக்கு எந்த நிறம் என்று மூடியிலேயே போட்டிருந்தது. அரக்குத் தொட்டியில் நனைத்தால் காகிதமும் அரக்காகத்தானே வரும் என்று டாக்டரம்மாவை மடக்கக் காத்திருந்தேன். அடுத்த முறை வந்தபோது கேட்டேன். "சாயம் போடறதுக்கு முன்னாடி, ஆசிட் மட்டும் ஊத்தின தண்ணியில பாருங்க" என்றார். அதையும் யோசித்து வைத்திருந்தார்.

காகிதம் பழகிவிட்டது, கைதான் பழகவில்லை. தொட்டிப் பக்கம் போனாலே விரல் தானாக வாய்க்குப் போகும். "மாமா, கை!" என்று மச்சான் கத்துவான். அவன் கத்தியும் கேட்காமல், கடைசியில் துண்டை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். வழிப்பறிக்காரன் சாயம் போடுகிறான் என்று கொட்டகையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்படி முகத்தைக் கட்டிக்கொண்டு போட்ட முதல் அரக்கை ஒரு வியாபாரி வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மானமே அந்த நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. "எப்பவும் போல, உங்க நாக்கு நாக்குதான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். தொட்டிக்குப் பின்னால் மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு காகிதத்தின் வேலையை என் நாக்கு செய்திருக்கிறது.

அந்த இரண்டு வாரமும் கண்ணாடியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பார்த்தால் பெரிதாகத் தெரியும். மனைவி மட்டும் காலையில் பல் விளக்கியதும் "காட்டுங்க" என்று நிற்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கெடு முடிந்த அன்று நானே முதல் ஆளாக அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, அழுத்தி, திருப்பி, நெடுநேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்தார். "ஓரம் தட்டையாயிடுச்சு. பள்ளம் மூடிட்டு வருது. ஆறுது. நல்லா ஆறுது" என்றார். "அப்ப மெட்ராசு?" என்றேன். "வேணாம். முழுசா ஆறற வரைக்கும் வாராவாரம் எனக்குக் காட்டினா போதும்." நாற்காலி இருக்க, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். காசநோய் பார்க்க நின்றிருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து, எனக்குத்தான் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் சிரித்தேன். பல் தெரிய, வாய் கொள்ளாமல் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டறைக்குப் புகைபோக்கி வைத்தார்கள். ஆசிட் ஊற்ற அளவுக் கண்ணாடி வந்தது. தறிக்குழிகளில் பலகை அடித்து ஈரத்தைத் தடுத்தார்கள். ரப்பர் கையுறையும் வந்தது, அதை ரொம்ப நாள் யாரும் போடவில்லை, நானும் போடவில்லை. டாக்டரம்மா யார் வந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன வேலை செய்யறீங்க? எப்படிச் செய்யறீங்க?" இதை ஏன் மற்றவர்கள் கேட்பதில்லை என்று நான் யோசித்திருக்கிறேன். எங்கள் உடம்பு பாதி நாள் அந்தக் குழியிலும் ஆவியிலும்தான் கிடக்கிறது. அந்த இடத்தைப் பார்க்காதவர் எங்கள் உடம்பில் பாதியைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து, டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வரவேண்டும் என்று கேட்டேன். "ஏன், உனக்குக் காலு இல்லியா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூட்டமே சிரித்தது. குரல் மச்சானுடையது.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது டாக்டரம்மா சொன்ன அந்த நாள்கூட இல்லை. அன்று வீட்டுக்குப் போய், ஆறுகிறது, மெட்ராஸ் வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சரி என்றாள், அவ்வளவுதான். வலிக்கவில்லை வலிக்கவில்லை என்று நான் அதுவரை சொன்ன பொய்களில் இதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள் என்று புரிந்தது. அவள் தம்பி வந்து சொன்னான், அதையும் நம்பவில்லை. நான் சொல்லிக்கொடுத்துச் சொல்கிறான் என்று நினைத்தாள். காலையில் "காட்டுங்க" என்று வந்து நிற்பது நிற்கவில்லை. உப்பில்லாத பருப்பும் நிற்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். சோற்றில் அந்தக் குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். இரண்டாவது வாய் வைத்தேன். ஏதோ சரியில்லை. என்னவென்று யோசிக்காமலே எரிச்சலாகச் சொல்லிவிட்டேன்: "இன்னாமே கொழம்பு இது? உப்பே இல்ல."

அவள் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள். "இன்னா சொன்னீங்க?"

"உப்பு இல்லமே. வாயில வெக்க முடியல."

கரண்டி சட்டிக்குள் விழுந்தது. முகத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். நான் எழுந்து பக்கத்தில் போவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியைக் கூவி அழைப்பது எனக்குக் கேட்டது.

"யக்கா! எங்க ஊட்டுக்காரரு கொழம்புல உப்பு இல்லேன்றாரு!"

"அதுக்கு இன்னாத்துக்குடி இந்தக் கூப்பாடு? உப்பு வேணுமா, தரட்டா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"குடுக்கா" என்றாள் என் மனைவி. வீட்டில் உப்பு ஜாடி நிறைய இருந்தது.